நெற்றிக் காசு

பதுளை பஜாரிலிருந்து பள்ளிவாசல் பக்கம் திரும்பும் ஒடுங்கிய சந்தில் ஜஸீலின் மணிக்கூட்டுக் கடை இருக்கிறது. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். மணிக்கூடு திருத்துவது அவருக்குப் பிழைப்பு. பழைய வெள்ளிக்காசு தேடுவது பித்து. பிழைப்புக்குக் கிழமையில் ஆறு நாள் போதும். பித்துக்கு ஏழு நாளும் போதாது.

ஊவா மலையில் அவர் ஏறி இறங்காத தேயிலைத் தோட்டம் குறைவு. ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து, "பழைய வெள்ளிக்காசு ஏதும் இருக்குதா?" என்று கேட்பார். காசு இல்லாத லயம் கிடையாது. நல்ல காசு இருக்கிற லயந்தான் கிடையாது.

மலையில் வெள்ளிக்காசைக் களவும் அழிக்கவில்லை, செலவும் அழிக்கவில்லை. பாசம்தான் அழித்தது. விக்டோரியா ராணியின் கழுத்தில் துளை போட்டுப் பிள்ளையின் அரைஞாணில் கோத்தார்கள். எட்வேர்ட் ராசாவின் தலையில் வளையம் பற்றவைத்து மாலையில் தொங்கவிட்டார்கள். தப்பியதையெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்த தேய்ப்பில் ராசாவுக்கு மூக்கும் போயிற்று, காதும் போயிற்று.

ஒருமுறை ஒரு பெண் முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு காசை நீட்டினாள். முஸ்லிம் அண்ணன்மாரை மலையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாருங்க நானா, கண்ணாடி மாதிரி மின்னுது."

"கண்ணாடிதான் தாயி. காசு எங்க?" என்றார் ஜஸீல்.

லயமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கு வயது ஏற ஏற ஒரு கறுப்பு படியும். அதுதான் காசின் தோல் என்பார் அவர். தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் வெள்ளி. அதை எடை போட்டு உருக்கத்தான் கொடுக்கலாம். இதை எத்தனை லயத்தில் சொல்லிப் பார்த்தார்! விருந்தாளிக்கு அழுக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்காத சனம் அழுக்குக் காசை மட்டும் எப்படிக் கொடுக்கும்?

வீட்டில் பச்சைத் துணி ஒட்டிய ஒரு பலகை வைத்திருந்தார். துணியில் வட்டம் வட்டமாகக் குழி. குழிக்கு ஒரு காசு, காசுக்குக் கீழே வருடம். இருபத்தைந்து வருடத்தில் எல்லாக் குழியும் நிறைந்துவிட்டன, ஒன்றைத் தவிர. 1939ஆம் வருடத்து இந்திய வெள்ளி ரூபாய். அந்த வருடத்துக் காசு வெளியே வந்ததே கொஞ்சம். 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகள் மட்டும் அவரிடம் நான்கு கிடந்தன. வெற்றுக்குழி பல் விழுந்த இடம்போல இருந்தது. நாக்கு ஓயாமல் அங்கேயே போகும்.

"எனத்த பாக்கிறீங்க அந்த ஓட்டய?" என்பாள் மனைவி ஹம்ஸியா. "மையத்து வாற வரைக்கும் தோண்டி வெச்ச கபுறுக்குழி மாதிரி ஈக்கி."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்கணக்கு என்னும் மேல்பிரிவிலிருந்து இராமையா என்றொருவர் கடைக்கு வந்தார். அறுபது தாண்டிய, நெற்றி அகன்ற மனிதர். இறந்துபோன மனைவியின் கைக்கடிகாரம் நின்றுவிட்டது; அதை ஓட வைக்க வேண்டும். வார் அறுந்திருந்தது.

"பழைய வார் எந்தக் கலர்ண்ணே?"

"போன்ல இருக்குங்க நானா. அவ கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ."

போனை வாங்கிய ஜஸீலின் விரல் வழுக்கி அடுத்த படத்துக்குப் போய்விட்டது. அது அந்த அம்மாவின் சாவு வீட்டுப் படம். மகள் துபாயில் இருந்ததால் அவளுக்கு அனுப்ப எடுத்தது. சவப்பெட்டிக்குள் மஞ்சள் பூசிய முகம். நெற்றி நடுவே சந்தனத்தில் பதித்த ஒரு வெள்ளிக்காசு.

ஜஸீல் இரண்டு விரலால் படத்தை விரித்தார். முகம் திரையை விட்டு வெளியே போயிற்று. காசு மட்டும் நின்றது. தலைப்பக்கம் அடியில், எழுத்துப் பக்கம் மேலே. விளிம்பு மணிகள் ஒன்றுகூடத் தேயவில்லை. கறுப்பு, மழைக்கு முந்திய வானம்போலச் சீராகப் படிந்திருந்தது. அதற்குள் வருடம்: 1939.

"கறுப்பு வாருங்களா நானா?" என்று இராமையா கேட்டார்.

ஜஸீல் போனைத் திருப்பிக் கொடுக்காமலே, அந்தக் காசு யாருடையது என்று கேட்டார்.

அந்தக் காசு யாருக்கும் சொந்தமில்லை, லயத்துக்குச் சொந்தம் என்று இராமையா சொன்னார். இந்தியாவிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்தது. அந்த லயத்தில் யார் கண்ணை மூடினாலும் அதுதான் நெற்றிக்கு. பெட்டி மூடுமுன் எடுத்துவிடுவார்கள். கழுவமாட்டார்கள், துடைக்கமாட்டார்கள். சந்தனத்தை ஊதிவிட்டு அப்படியே சீலைத்துண்டில் முடிந்து வைத்துவிடுவார்கள். அடுத்த சாவுக்குத்தான் அந்த முடிச்சு அவிழும்.

அதனால்தான் தேயவில்லை. மலைநாடு முழுக்க அவர் தேடிய தோல் உரியாத காசு, உயிருள்ளவர்கள் கை படாத இடத்தில் கிடந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறே ஜஸீல் மேல்கணக்கில் நின்றார். பத்து ஒற்றையறைக் காம்பரா ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் பழைய லயம். காசை வைத்திருந்தவள் வேலாயி. வெற்றிலை மென்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்துட்டுத் தந்துர்றேன் வேலாயிம்மா. ஒரே ஒரு நிமிசம்."

"அது பாக்க வர்றவங்களுக்கு வர்ற காசு இல்லீங்க நானா. படுத்தவங்களுக்கு வர்ற காசு."

"வெல சொல்லுங்களேன்."

"வெலையா? லயம் பூராவும் பங்கு கேக்கும். செத்தவங்களும் வந்து வரிசையில நிப்பாங்க. பரவாயில்லையா?" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும் குரல் தாழ்ந்தது. "சும்மா வெளிய எடுத்தா அது ஒரு நெத்தியக் கேக்கும். கேட்டு வாங்காம உள்ள போகாது. நம்ம வாயால கூப்பிட வேணாம்."

ஜஸீல் சகுனம் பார்க்கிறவர் அல்ல. அந்தப் பேச்சை லயத்துப் படலோடு விட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஆனால் அதில் ஒரு பாதி அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டது. ஒரு சாவு விழுந்தால் காசு வெளியே வரும்.

அதற்குப் பிறகு மேல்கணக்கிலிருந்து யார் பஜாருக்கு வந்தாலும், "எல்லாரும் சொகந்தானே?" என்று கேட்பார். இவ்வளவு அக்கறையான நானா பதுளையில் உண்டா என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

போன புரட்டாசியில் இராமையாவை நெஞ்சுச் சளியும் மூச்சுத் திணறலுமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கேள்விப்பட்ட அன்றே ஜஸீல் போனார். மறுநாளும் போனார். பிறகு தினமும் பகல் பார்வை நேரத்துக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டு, சோற்றுப் பார்சலும் செவ்விளநீருமாகப் போனார்.

"ஆருக்குச் சோறு கட்டச் செல்றீங்க?" என்று ஹம்ஸியா கேட்டாள்.

"ஒரு தோட்டத்து மனிசன். பாக்க ஆளில்ல."

"ஒங்கட வாப்பா ஆஸ்பத்திரில ஈந்த நேரம் இப்பிடி நாளாந்தம் போகல்லயே."

கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இராமையா வாய் திறந்து மூச்சு விடுவார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறும், இறங்கும். ஒரு நாள் ஜஸீல் தன்னையே கையும் களவுமாகப் பிடித்தார். அவர் கண் இராமையாவின் நெற்றியில் நின்றிருந்தது. அகன்ற நெற்றி. மூன்று கோடு. நடுக்கோட்டுக்கு மேலே வைத்தால் சரியாக உட்காரும் என்று மனசு அளந்து முடித்திருந்தது.

எழுந்து வெளியே வந்தவர், எதிரே வந்த நர்ஸிடம், "இன்னும் எத்தின நாள் மிஸ்?" என்றார்.

சிங்கள நர்ஸ் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னாள். "பயம் வேணாம். நல்லா வரும்."

நல்லாகத்தான் வந்தது. பதினோராம் நாள் இராமையா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பார்சலை அவரே பிரித்தார்.

"தப்பிச்சிட்டேன் நானா. பெத்த மக போன்ல அழுவுறா. கூடப் பொறந்தவன் எட்டிப் பாக்கல. நீங்கதான் வந்தீங்க. நா ஒங்களுக்கு என்னத்தச் செஞ்சேன்னு நீங்க வந்தீங்க?"

ஜஸீல் இளநீரைக் குவளையில் ஊற்றினார். கொஞ்சம் கீழே சிந்திற்று.

அன்று வீட்டில் ஹம்ஸியா சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டு எதிரே நின்றாள். "அந்த மனிசன் சொகமாகிட்டாரெண்டு செல்றீங்க. ஏன் ஒங்கட மொகம் இப்பிடி ஈக்கி?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

நனையக் கூடாது, குளிர் படக் கூடாது, நெஞ்சில் இன்னும் சளி கிடக்கிறது என்று சொல்லித்தான் இராமையாவை அனுப்பினார்கள். துண்டுச்சீட்டு எழுதும்போது ஜஸீலும் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. விட்டுப் பெய்யும் மழை அல்ல. தரையைத் தேடி வந்து உட்கார்ந்துகொண்ட மழை. மேல்கணக்கு லயத்துக்குப் பின்னால் நிலம் வாய் திறந்தது. காலையில் விரல் நுழைந்த வெடிப்பில் மாலையில் கை நுழைந்தது. மண்சரிவு அதிகாரிகள் வந்து சுவரில் சிவப்பு அறிவித்தல் ஒட்டி, எல்லோரையும் தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறக்கினார்கள்.

பஜார் கடைக்காரர்கள் பிஸ்கட்டும் போர்வையும் சேர்த்து ஒரு லொறி அனுப்பினார்கள். எந்த நிவாரண லொறியிலும் இதற்குமுன் ஏறாத ஜஸீல் முதல் ஆளாக ஏறினார். கையில் புதுக்குடை.

மண்டபத்தில் ஈரத்துணி வாடை. கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. வேலாயி பாய் விரித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜஸீல் போர்வையைக் கொடுத்துவிட்டுக் குந்தினார்.

"அந்தக் காசு பத்திரமா இருக்குதாம்மா?"

"காம்பராவுலதான் இருக்கு. அடுப்புக்கு மேல பொந்துல."

"கொண்டாரலயா?"

"யாரும் சாவாத எடத்துக்கு அதக் கொண்டாரலாமா? இங்க புள்ளைங்க படிக்குதுங்க." அவள் எழுந்தாள். "தேத்தண்ணி குடுக்கிறாங்க. இருங்க, ஒங்களுக்கும் வாங்கியாறேன்."

அவள் வரிசையில் போய் நின்றாள். அடுத்த பாயில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இராமையா இருந்தார். ஜஸீல் அவர் பக்கம் திரும்பவில்லை. மேலே மலை இருக்கும் திசையைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"மலை வந்தா அதுவும் போயிரும்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு யாரேனும் கேட்டிருந்தால், நான் அவரை ஏவவில்லை என்று சத்தியம் செய்திருக்கலாம்.

இராமையா கம்பளியை விலக்கினார். பிறகு அதை மடித்து வைத்தார்.

"அந்தக் காசு மேல ஒங்களுக்கு ஒரு ஆசைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் நானா. கடையில போட்டோவப் பாத்தீங்களே, அப்பவே. வேலாயிகிட்ட சொல்லாதீங்க. நா எடுத்தாறேன்."

"மழை..." என்றார் ஜஸீல்.

"கால் மணி நேரப் பாதைங்க. கொழுந்து மலைக்குள்ளால குறுக்க போனா யாரும் மறிக்கமாட்டாங்க. நீங்க பதினோரு நாளு சோறு சுமந்தீங்க."

ஒரு வார்த்தை போதும். வேணாம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் ஜஸீலின் தொண்டையில் நின்றது. அதற்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் அந்தக் குழியும் நின்றது. இராமையா வாசலுக்குப் போய்விட்டார். ஜஸீல் பின்னால் ஓடினார்.

"இராமையாண்ணே!"

அவர் திரும்பினார்.

"கொடயக் கொண்டு போங்க."

இராமையாவின் முகம் மலர்ந்தது. குடையை வாங்கி விரித்துக்கொண்டு இறங்கினார். தேயிலைக்குள் கறுப்புக் குடை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு மழை மட்டும் தெரிந்தது.

வேலாயி தேத்தண்ணியோடு வந்தாள். "இராமையா எங்க?"

"வெளிய போனாரு," என்றார் ஜஸீல். அது பொய்யில்லை.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணி போயிற்று. போகக் கால் மணி, வரக் கால் மணி என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரம் ஆனபோது மலையின் வயிற்றுக்குள் கல் உருள்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. மண்டபம் அப்படியே அடங்கியது. கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திற்று. சத்தம் நின்றது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

ஜஸீலின் தேத்தண்ணி ஆடை கட்டியிருந்தது. யா அல்லாஹ், அந்த மனிதன் வந்தால் போதும், காசு வேண்டாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே, வரும் கையில் காசு இருக்குமா என்றும் நினைத்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இராமையா வந்தார். காற்று குடையை மேல்நோக்கிப் புரட்டியிருந்தது. தலை முதல் கால்வரை தண்ணீர் ஓடியது. பல் தந்தியடித்தது. ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையை விரித்தார்.

காசு தீபாவளி விளக்குப்போல மின்னியது.

"கரியாட்டம் கறுத்துக் கெடந்துச்சு நானா. அப்பிடியேவா ஒங்க கையில குடுக்குறது? பீலித்தண்ணி விழுற கரையில குந்தி, புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சேன். அதான் சொணங்கிருச்சு. பாருங்க, ராசா சிரிக்கிறாரு."

ஜஸீல் காசை வாங்கினார். இராமையாவின் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, நகத்தோரம் சாம்பல். காசில் தோலே இல்லை. எண்பது வருடத்துக்கு மேல் செத்தவர்கள் காத்துக் கொடுத்த தோல், ஒருவர் உயிரோடு நன்றி சொன்னதில் உரிந்துபோயிற்று. ராசாவின் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்.

"நல்லா இருக்குங்களா நானா?"

"நல்லா இருக்குண்ணே," என்றார் ஜஸீல். அவர் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் அன்பானது.

பின்னால் வேலாயி நின்றிருந்தாள். கத்தவில்லை. திட்டவில்லை. மண்டபத்தில் படுத்திருந்தவர்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் அவள் கண், நடுங்கிக்கொண்டு நிற்கும் இராமையாவிடம் வந்து நின்றது.

ஜஸீல் காசை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முடிச்சு அவுந்திருச்சு நானா. இனி வெறுமனே உள்ள போகாது. நீங்கதானே கேட்டீங்க? நீங்களே வச்சிருங்க. வேணும்ங்கிறப்ப சொல்லி அனுப்புறேன்."

லொறி ஜஸீலை ஏற்றிக்கொண்டு இருட்டுமுன் இறங்கிவிட்டது. மறுநாள் அந்தப் பாதையில் மண் விழுந்து அடைத்துக்கொண்டது.

வீட்டில் கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு பார்த்தார். ஒன்பது ஒன்பதுதான், செதுக்கியதல்ல. பலகையில் வைத்தார். குழிக்குச் சரியாகப் பொருந்தியது. வரிசையில் எல்லாக் காசும் கறுப்பாக அமர்ந்திருக்க, அது ஒன்று மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

"கெடச்சிட்டா?" என்றாள் ஹம்ஸியா. பலகையை எட்டிப் பார்த்தவள் ஓர் அடி பின்வாங்கினாள். "இதயா இருவத்தஞ்சு வருசம் தேடினீங்க?"

அவர் பலகைமேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். மூன்று நாள் கடையில் உட்கார்ந்தார். ஒரு மணிக்கூட்டின் மயிர்போன்ற சுருள்கம்பியை உடைத்தார். மழை சந்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலை போன் அடித்தது. திரையில் இராமையா என்ற பெயர். ஜஸீலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவசரமாக எடுத்தார்.

"இராமையாண்ணே! சொகந்தானே?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம். பிறகு வேலாயியின் குரல்.

"நானா, காசக் கொண்டாங்க."

மண் அடைத்த இடம்வரை பஸ், அங்கிருந்து நடை. போய்ச் சேரப் பகல் சாய்ந்தது. இராமையாவுக்கு நனைந்த அன்று மாலையே காய்ச்சல் கண்டதாம். பாதை அடைத்துக்கொண்டதால் கீழே இறக்க முடியவில்லையாம். லயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால் பெட்டி பள்ளிக்கூட மண்டபத்திலேயே இருந்தது, பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கீழே. மேலே லயம் அப்படியேதான் நின்றது. மலை வரவே இல்லை.

"நீங்களே வைங்க," என்றாள் வேலாயி.

சந்தனம் தயாராக இருந்தது. அகன்ற நெற்றி. மூன்று கோடு. ஜஸீல் எப்போதோ அளந்து வைத்த இடம். வருடம் அடியில் போகும்படி திருப்பி வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். வேலாயி ஒரு குடையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கொட நானா. காய்ச்சலோட உக்காந்து கம்பி கட்டி நேராக்கினாரு. புதுக்கொட, நானா மனசு சங்கடப்படும்ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பெட்டியை மூடும் நேரம் வந்தது. வேலாயி குனிந்து காசை எடுத்தாள். சந்தனத்தை ஊதினாள். சீலைத்துண்டில் முடியுமுன், உள்ளங்கையை விரித்து ஜஸீலின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்களா நானா?"

பதிலுக்காக அவள் நின்றாள். அவர் தலை குனிந்தார். அவள் முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். வெளியே மழை வலுத்திருந்தது. ஜஸீல் பின்னால் நடந்து வாசலுக்கு வந்து, குடையின் பொத்தானை அமுக்கினார். ஒரு கம்பிகூடப் பிசகாமல், ஒரே மூச்சில் அது விரிந்தது.